பிஞ்சில் பழுத்தது

நம்முடைய வசவுகளில் பாதி தோட்டத்திலிருந்தும் களத்திலிருந்தும் வந்தவை. வெம்பியது, சொத்தை, பதர், பிஞ்சில் பழுத்தது. பயிரைப் பார்த்துப் பழகிய கண் மனிதனையும் அப்படியே பார்க்கிறது, பார்த்த கணத்திலேயே தீர்ப்பையும் சொல்லிவிடுகிறது. கடைசியாகச் சொன்னதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் அன்றாடம் காதில் விழும் சொல் இது. பெரியவர்கள் பேச்சில் எட்டு வயதுப் பையன் குறுக்கே புகுந்து சரியான பதிலையே சொன்னாலும் இந்தச் சொல்தான் அவனுக்குக் கிடைக்கும். பெண் குழந்தை என்றால் இன்னும் சீக்கிரமாக வரும், சொல்பவரின் குரலும் ஒரு படி தாழும். ‘பழுத்தது’ என்பது வர்ணனை. சொல்லும் தொனியிலோ அது குற்றச்சாட்டு. வர்ணனை எங்கே முடிந்து குற்றச்சாட்டு எங்கே தொடங்குகிறது என்பதை மொழி பிரித்துக் காட்டுவதில்லை. பிரித்துக் காட்டாததுதான் அந்தச் சொல்லின் வலு.

இந்தச் சொல் உருவகமாக இல்லாமல் ஸ்தூலமாகவே நடந்துவிடுகிற ஒரு நோய் இருக்கிறது. மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு முகத்தில் பரு வருகிறது. மறைவிடத்தில் முடி முளைக்கிறது. வியர்வையில் வளர்ந்தவர்களின் வாடை. குரல் தடிக்கிறது. நான்கு வயதுப் பையன் என்றால் தோளும் தொடையும் இறுகி, சக வயதுப் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரமாக நிற்கிறான். மேற்கத்திய மருத்துவ நூல்கள்கூட ஒரு காலத்தில் இந்தப் பையன்களைக் ‘குட்டி ஹெர்குலிஸ்’ என்று எழுதின. அற்புதத்தை வேடிக்கை பார்க்கும் மனம் கிராமத்துக்கு மட்டும் சொந்தமில்லை. அட்ரீனல் சுரப்பியின் புறணியில் தோன்றி, ஹார்மோனைத் தானே சுரக்கும் கட்டிதான் இதற்குக் காரணம். மிக அபூர்வமான நோய். உலகளவில் பத்து லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 0.2 அல்லது 0.3 என்ற கணக்கில்தான் வருகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், பையன்களைவிடப் பெண் குழந்தைகளுக்கு அதிகமாக. தமிழ்நாடு முழுவதும் சேர்த்தாலும் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய குழந்தைகள்தான் இருப்பார்கள். எங்கள் ஊரில் நான் ஒருவரையும் பார்த்ததில்லை. அத்தனை அபூர்வமான ஒன்றைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்றால், நாம் எல்லாக் குழந்தைகளிடமும் செய்துகொண்டிருக்கிற ஒரு காரியம் இங்கேதான் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

முதலில் உடலைப் பார்க்க வேண்டும். உடலைப் பார்க்காமல் ஒழுக்கம் பேசும் பழக்கம் நம் பத்திரிகைகளில் போதுமான அளவு இருக்கிறது.

சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி கவிழ்த்தாற்போல் இருக்கும் இரண்டு சுரப்பிகள் இவை. வளர்ந்தவனுக்கு ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் எடை. பிறந்த குழந்தையிடமோ, உடல் எடையோடு ஒப்பிட்டால், இதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரிதாக இருக்கின்றன. காரணம், கருவில் இருக்கும்போது இந்தச் சுரப்பியின் பெரும்பகுதி வேறொரு வேலை செய்துகொண்டிருந்தது. கருக்காலப் பட்டை என்று அதைச் சொல்லலாம். அது சுரக்கும் பொருளை எடுத்துத் தாயின் நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜன் தயாரித்துக்கொள்கிறது. அதாவது, குழந்தை பிறப்பதற்கு முன்பே தாயைப் பேணுவதில் பங்கெடுக்கிறது. பிறந்த பிறகு அந்தப் பட்டைக்கு வேலை இல்லை. சில மாதங்களில் சுருங்கி மறைந்துவிடுகிறது. குழந்தைகளுக்கு வரும் இந்தக் கட்டி பெரும்பாலும் அந்தப் பட்டையின் செல்களிலிருந்து எழுவதாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். நிரூபணமான முடிவு என்று சொல்ல முடியாது, ஆனால் வலுவான ஊகம்.

இந்த ஊகம் சரியென்றால் நம் சொல் தலைகீழாகிவிடுகிறது. பிஞ்சு முந்திப் பழுக்கவில்லை. உதிர வேண்டிய பூ உதிராமல் காம்பிலேயே நின்றுவிட்டது. அவசரம் என்று நாம் பார்த்தது உண்மையில் தாமதம். போயிருக்க வேண்டிய ஒரு பழைய காலம், போகாமல், குழந்தைக்குள் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறது. ‘வயசுக்கு மீறின’ என்று நாம் சொல்வது வயதுக்கு முந்தியதன் மிச்சம். மொழி வெளியே தெரிவதை வைத்து ஒரு கதை கட்டிக்கொள்கிறது. உள்ளே கதை வேறு திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வசவைப் பற்றிப் பேசினேன். பாராட்டுக்கும் இதே கதிதான்.

இந்தக் கட்டிகளில் சில ஆண் தன்மையுள்ள ஹார்மோன்களோடு கார்ட்டிசாலையும் சுரக்கின்றன. சில அதை மட்டுமே. அப்போது குழந்தைக்கு முகம் நிலவு மாதிரி உருண்டு சிவக்கிறது, கன்னம் தொங்குகிறது, கழுத்தின் பின்னால் கொழுப்பு திரள்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது, அதை யாரும் அளப்பதில்லை. குஷிங் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1932இல் எழுதிய கட்டுரையை ஒட்டி இந்த நிலைக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. நம் மானாவாரிச் சீமையில் இந்த முகம் என்னவாகத் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். கண்மாய் பெருகினால் விளைச்சல், இல்லையென்றால் வேலிக்கருவையை வெட்டிக் கரி மூட்டம் போட வேண்டியதுதான் என்று தலைமுறைகளாகக் கழித்த ஊர்களில், கொழுகொழுவென்ற குழந்தை என்பது ஒரு குடும்பம் பஞ்சத்தை ஜெயித்ததற்கான அத்தாட்சி. ‘கொழுக்கு மொழுக்குன்னு இருக்கான், கண்ணு பட்டுரும்’ என்று சொல்லிக் கன்னத்தில் மை வைப்பார்கள். கண் பட வேண்டியதுதான். பட வேண்டிய கண் எது என்பதில்தான் சிக்கல்.

ஏனென்றால் ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது, அளக்கத் தெரிந்த எவரும் கண்டுகொள்ளலாம். அதிகம் தின்று பருக்கும் குழந்தை பொதுவாக உயரமும் கூடவே வளர்கிறது. கார்ட்டிசால் மிகுந்த குழந்தைக்கு எடை ஏறிக்கொண்டே இருக்கும், உயரம் நின்றுவிடும். போன தீபாவளிக்கு எடுத்த பாவாடை இடுப்பில் பற்றவில்லை, நீளத்தில் அப்படியே இருக்கிறது. இப்படி ஒரு குழந்தையைக் கண்டதும் மருத்துவர் முதலில் கேட்பது கட்டியைப் பற்றி அல்ல, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்றுதான். குழந்தைகளிடம் இந்த நிலவு முகத்துக்குக் கட்டியைவிடப் பல மடங்கு அதிகமான காரணம் வெளியிலிருந்து போகும் ஸ்டீராய்டு மருந்துகள். அதுவும் இல்லை என்றால் நடு இரவில், குழந்தை தூங்கும்போது, ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். நலமாக இருப்பவர்களுக்குக் கார்ட்டிசால் விடியற்காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் அடிமட்டத்திலும் இருக்கும். கட்டிக்கு இரவு பகல் தெரியாது.

அங்கன்வாடித் திட்டம் 1975இல் தொடங்கியபோது எடை அட்டையோடு வந்தது. பசிக்கு எதிராக வடிவமைக்கப்பட்ட அட்டை அது. கோடு கீழே சரிந்தால் மணி அடிக்கும். மேலே ஏறினால் சந்தோஷம். அதைக் குறை சொல்ல மாட்டேன், நம் பிரச்னை அப்போது பசிதான், இன்னும் முழுதாகத் தீர்ந்துவிடவும் இல்லை. 2018க்குப் பிறகு உயரம் அளக்கும் கருவியும் அங்கன்வாடிகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. நான் சொல்ல வருவது, நம் கண்ணும் அந்தப் பழைய அட்டையைப் போலவே ஒரே ஒரு பயத்துக்காகப் பழக்கப்படுத்தப்பட்டது என்பதை. ஒரு பயத்துக்குப் பழகிய கண் வேறொரு ஆபத்தை அதிர்ஷ்டம் என்று வாசிக்கிறது.

ஆக, ஒரே கட்டி. ஒரு குழந்தையிடம் அது வசவை வாங்கித் தருகிறது, இன்னொன்றிடம் திருஷ்டிப் பொட்டை. இரண்டிலும் குழந்தைக்குப் பங்கில்லை. இதுவரைக்கும் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இதற்கு மேல்தான் கஷ்டம்.

இந்த ஹார்மோன்கள் உருவத்தை மட்டும் மாற்றுவதில்லை. குழந்தை எரிச்சல் மிகுந்ததாக, அடம் பிடிப்பதாக, சில சமயம் அடிக்கிறதாகக் கடிக்கிறதாக மாறலாம். வீட்டில் தம்பியின் கையில் பல் தடம். பல் தடம் நிஜம், தம்பியின் அழுகையும் நிஜம். அம்மா அடிக்கிறாள். ஆறு மாதம் கழித்து ஸ்கேனில் கட்டி தெரிகிறது. அறுவை நடக்கிறது. வாரங்கள் கழிய, கோபம் அடங்கிவிடுகிறது. அப்படியானால் கடித்தது யார்?

நம் நண்பர்களில் விஞ்ஞானப் பார்வை உடையவர்களிடம் ஒரு தயாரான பதில் இருக்கிறது: கட்டிதான் கடித்தது; எல்லாம் ரசாயனம். இந்தப் பதில் தாராள மனமுடையதுபோல் தோன்றுகிறது. கொஞ்சம் தள்ளிக்கொண்டு போனால் அது எங்கே நிற்கும்? கட்டி இல்லாத சாதுவான குழந்தையின் சாந்தமும் அதே சுரப்பியின் வேலைதானே. அளவோடு சுரந்தால் ‘சுபாவம்’ என்கிறோம், அளவு மீறினால் ‘நோய்’ என்கிறோம். கோபத்தைக் கட்டியின் கணக்கில் எழுதியவர்கள் அன்பை மட்டும் குழந்தையின் கணக்கில் எழுத உரிமை எங்கிருந்து வந்தது? நேர்மையாக இருந்தால் இரண்டையும் ஒரே பேரேட்டில்தான் எழுத வேண்டும். அப்போது குழந்தை என்று ஒருவர் மிஞ்சுவதில்லை, பேரேடு மட்டும் மிஞ்சுகிறது.

கட்டிதான் கடித்தது என்று சொல்லும்போது இன்னொன்றும் செய்கிறோம். அந்த ஆறு மாதங்களில் நீ அங்கே இல்லை என்று குழந்தையிடம் சொல்கிறோம். அவள் இருந்தாள். பயந்துகொண்டு இருந்தாள். தன் உடம்பில் என்னவோ நடக்கிறது என்று தெரிந்து, அதைச் சொல்ல வார்த்தை இல்லாமல், எல்லோரும் தன்னைப் புதுக் கண்ணோடு பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பத்து வயதில் அவளே கேட்கலாம்: அப்போ அடிச்சது நானா? இல்லை என்று சொல்வது சுலபம். அது அவள் வாழ்ந்த நாட்களில் ஒரு பகுதியைப் பிடுங்கிக்கொள்வதும் ஆகும். ஆமாம் என்று மட்டும் சொன்னால் அநியாயம். எனக்குத் தோன்றுவது இது: கோபம் அவளுடையது, குற்றம் அவளுடையதல்ல. இந்த இரண்டையும் நாம் எப்போதும் ஒன்றாகவே கட்டி வைத்திருப்பதால்தான் இதைச் சொல்வதற்கு நாக்கு புரளவில்லை. காய்ச்சலில் பிதற்றியவனுடைய குரல் அவனுடையதுதான். பிதற்றலுக்காக யாரும் அவனைப் பஞ்சாயத்துக்கு இழுப்பதில்லை. காய்ச்சலுக்குக் கொடுக்கும் சலுகையை, நெற்றி சுடாத நோய்களுக்கு நாம் கொடுப்பதில்லை.

தம்பியைக் கடிக்காதே என்று சொல்லத்தான் வேண்டும். நோய் தெரிந்த பிறகும் சொல்ல வேண்டும். தடுப்பது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு. தடுப்பதற்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை, தீர்ப்புக்குத் தெரிய வேண்டும். நாம் செய்வது நேர் எதிர்: தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டு, காரணத்தை டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம்.

திருச்சுழியிலிருந்து இதை எழுதும்போது இன்னொரு குரலையும் கணக்கில் எடுக்காமல் முடியாது. இந்த ஊர்ச் சிவனுக்குப் பெயர் திருமேனிநாதர். உடலின் நாதன் என்று அர்த்தம் கொள்ள எனக்கு ஆசை. ஸ்தல புராணக்காரர்கள் சண்டைக்கு வரட்டும். அந்தக் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன்தான் பின்னால் ரமணர் ஆனவர். 1896இல், மதுரையில், பதினாறு வயதில், மரண பயம் வந்து, உடல் செத்தால் நான் சாகிறேனா என்று படுத்துப் பார்த்து, நான் இந்த உடல் அல்ல என்ற முடிவுக்கு வந்தவர். உடலின் நாதன் காலடியில் பிறந்து, உடல் நானல்ல என்று சொன்னவர். 1948 கடைசியில் அவருடைய இடது கையில் ஒரு கட்டி வந்தது. 1949இல் நான்கு முறை அறுத்தார்கள். சார்கோமா என்று தெரிந்தது. கையை எடுத்துவிடலாம் என்று டாக்டர்கள் சொன்னதற்கு அவர் இசையவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்தார்.

அந்த வாக்கின் மெய்யை நான் இங்கே விசாரிக்கவில்லை. அதன் இலக்கணத்தை மட்டும் கவனிக்கிறேன். ‘நான் உடல் அல்ல’ என்பது தன்மை ஒருமையில் மட்டுமே சொல்லக்கூடிய வாக்கியம். சொன்னவர் அதைத் தன் கையை வைத்து ஈடு கொடுத்தார். இதையே படர்க்கையில் போட்டு, ‘அவள் உடல் அல்ல’ என்று சொல்லிப் பாருங்கள், வாக்கியம் அழுகிவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தைக்கு உடலைவிட்டு நிற்க வேறு இடம் கிடையாது. அவள் சார்பாக யாரும் உடலைத் துறக்க முடியாது. ‘எல்லாம் உடம்புதானே, ஆத்மாவுக்கு என்ன’ என்று குழந்தையை வைத்துக்கொண்டு ஆறுதல் சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். அது வேதாந்தம் இல்லை, பஸ் செலவுக்குத் தயங்கும் மனம் வேதாந்தத்தைக் கடன் வாங்கிப் போர்த்திக்கொள்வது. ‘எல்லாம் ரசாயனம்’ என்பவருக்கும் இவருக்கும் சண்டை இருப்பதாகத் தோன்றும். இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: குழந்தை இருக்கும் இடத்தைக் காலி செய்துவிடுகிறார்கள்.

அடுத்து வரும் கேள்வி, யார் செய்த பாவம் என்பது. வாசலில் நின்று விசாரிப்பவர்கள் கேட்காமல் விடுவதில்லை. இதற்கு விஞ்ஞானம் ஒரு விநோதமான பதிலை வைத்திருக்கிறது. 1969இல் லீ, ஃப்ராமெனி என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், சில குடும்பங்களில் பலவகைப் புற்றுநோய்கள் இளவயதிலேயே வந்துகொண்டிருப்பதை எழுதினார்கள். அட்ரீனல் கட்டியும் அவற்றில் ஒன்று. 1990இல் அதற்கான மரபணுப் பிறழ்வு கண்டுபிடிக்கப்பட்டது. அட்ரீனல் புறணியில் புற்றுக் கட்டி வந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அந்த மரபணுவில் பிறவியிலேயே பிறழ்வு இருக்கிறது. பெரும்பாலும் தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வந்தது. அவர்கள் ஆரோக்கியமாக இருக்கலாம். தெற்குப் பிரேசிலில், பரானா மாநிலத்தை ஒட்டி, இந்தக் கட்டி உலகின் மற்ற இடங்களைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு அதிகம். அங்கே குழந்தைகளிடம் ஒரே குறிப்பிட்ட பிறழ்வு இருப்பது 2001இல் தெரியவந்தது. எப்போதோ வாழ்ந்த ஒற்றை மூதாதையிடமிருந்து அது பரவியிருக்கிறது என்று பின்னர் காட்டினார்கள். 1,70,000க்கும் மேற்பட்ட பிறந்த குழந்தைகளைச் சோதித்து, பிறழ்வு உள்ளவர்களைக் கண்டு, கண்காணித்தார்கள். பிறழ்வு உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கட்டி வருவதே இல்லை. ஆனால் வந்தவர்களிடம் சிறிதாக இருக்கும்போதே பிடிக்க முடிந்தது.

முன்னோர் வினை என்று நம்மவர் சொல்வதும் இதுவும் ஒன்றுதானே என்று யாராவது கேட்கலாம். வடிவத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. வித்தியாசம், வினை என்பதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பாசாங்கு இருக்கிறது, மரபணுவில் அந்தப் பாசாங்கு இல்லை. யாரோ ஒரு மூதாதையின் ஒரு செல்லில் ஒரு எழுத்து மாறியது. அவர் எதையும் செய்யவில்லை. ஆயிரம் பேருக்கு அது கைமாறியது. இந்த நியாயமின்மையைத் தாங்க முடியாமல்தான் நாம் பாவத்தைக் கண்டுபிடித்தோமோ என்று சந்தேகமாக இருக்கிறது. காரணமற்ற துன்பத்தைவிடக் குற்றத்தோடு கூடிய துன்பம் மனதுக்கு உட்கார இடம் தருகிறது. அந்த நாற்காலியை வாசலில் நின்று விசாரிக்கிறவர் கொண்டுவந்து போடுகிறார், உட்காருவது குழந்தையின் தாய். எப்போதும் தாய்தான், தகப்பன் அல்ல. மரபணு இருவரிடமிருந்தும் வரலாம் என்பதையாவது டாக்டர் ஒருமுறை உரக்கச் சொன்னால் நல்லது.

சிகிச்சை என்பது அடிப்படையில் கத்திதான். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கும் சோதனையைக்கூடத் தவிர்க்கிறார்கள், உறை கிழிந்தால் செல்கள் சிதறிவிடும் என்பதால். சிறியதாக இருக்கையில், உறையோடு முழுதாக எடுக்க முடிந்தால், பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள். தாமதமானால் கணக்கு மாறுகிறது. பெண் குழந்தையின் மறைவிடத்தில் கண்டதை யாரிடம் சொல்வது என்று வீடு கூசிக் கழிக்கும் மாதங்கள் அந்தத் தாமதத்தில் சேர்த்தி. ‘பிஞ்சில் பழுத்தது’ என்ற சொல்லுக்கு அந்த மாதங்களில் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஊர் அதைச் சொல்லுமோ என்ற பயத்தில்தான் தாய் சொல்லாமல் இருக்கிறாள்.

கட்டி போன பின் சில திரும்புகின்றன, சில திரும்புவதில்லை. பரு போகும், முகம் வடியும், ரத்த அழுத்தம் இறங்கும், முடி குறையும். தடித்த குரல் முழுதும் மெலிய வேண்டும் என்பதில்லை. எலும்பு திரும்பாது. ஆண் ஹார்மோன் மிகுந்த குழந்தை வேகமாக உயர்ந்தது எலும்பின் வயதை முன்கூட்டியே செலவழித்து. ஐந்து வயதில் வகுப்பிலேயே உயரமாக இருந்தவன் இருபது வயதில் குட்டையாக நிற்க நேரலாம். சிலருக்குக் கட்டி போன பிறகு மூளையே முந்திக்கொண்டு பூப்பைத் தொடங்கிவிடுவதும் உண்டு. அதற்கும் மருந்து வேண்டியிருக்கும்.

இன்னொரு பக்கத்துச் சுரப்பி இருக்கிறதே, நல்ல சுரப்பி, அதன் கதை தனி. கார்ட்டிசால் சுரக்கும் கட்டி உரக்கப் பேசிக்கொண்டிருந்த காலமெல்லாம் அது பேச்சை நிறுத்தி உறங்கிவிட்டது. கட்டியை எடுத்ததும் அது உடனே விழிப்பதில்லை. கார்ட்டிசோன் மருந்தாகக் கிடைப்பதற்கு முன் இந்த அறுவை வெற்றிகரமாக முடிந்த சில நாட்களிலேயே நோயாளிகள் இறந்துபோனதுண்டு. அந்த மருந்தை 1948இல் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள், 1950இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை உடைத்துப் பொடித்துக் குழந்தைக்கு வேளை தவறாமல் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேல். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியில் மாத்திரை நிற்கவில்லை என்றால் ஊசி, உடனே ஆஸ்பத்திரி. சொல்லாமல் நிறுத்தினால் குழந்தை மயங்கி விழும், உயிருக்கே ஆபத்து.

அந்த மாதங்களில் குழந்தை சோர்ந்து கிடக்கும். பழைய கன்னம் இருக்காது. கை கால் மெலிந்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் போல ஆகிவிடும். குழாயடியில் குடத்தோடு நிற்பவர்கள் பார்த்துவிட்டு, ‘எப்படி இருந்த பிள்ளை, அறுத்துத் தேச்சுப்புட்டாங்களே’ என்பார்கள். தாயின் இடுப்பில் குழந்தை, முந்தானை முடிச்சில் கால் கால் துண்டாக உடைத்த மாத்திரை. அடுத்த வேளைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.